டேபிள்டாப் ஆர்பிஜி டிசைனரா பொழைக்க முடியுமா? (மலையகத்துல இருந்து ஒரு கேள்வி)

மவுசாக்கலை_பொடியன்:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா வாசிச்சிட்டு சத்தமில்லாம போயிடுற ஆள் நான், இன்னைக்கு தான் முதல் தடவை எழுதுறேன், நீண்டு போனா திட்டாதீங்க.

எனக்கு 24 வயசு, மஸ்கெலியா பக்கம் தோட்டம். ஏஎல் ஆர்ட்ஸ் முடிச்சிட்டு டவுன்ல ஒரு கொமியுனிகேசன்ல நிக்கிறேன், போட்டோகொப்பி, லெமினேட்டிங், கல்யாண கார்ட், சடங்கு கார்ட், மரண அறிவித்தல், எல்லா டைப்செட்டிங்கும் நான் தான். 2020 கர்பியூ நேரம் யூடியூப்ல நாலு பேர் மேசைய சுத்தி உக்காந்து கதை சொல்லி டைஸ் உருட்டுற டேபிள்டாப் ஆர்பிஜி வெளையாட்ட பாத்து பைத்தியம் புடிச்சிருச்சு. அதுல பெரிய பேரான டி அண்ட் டியோட (டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்) பேசிக் ரூல்ஸ் சும்மா டவுன்லோட் பண்ண கிடைச்சது, கர்பியூ எடுத்த பொறகு கடை சாத்துற நேரமா பாத்து ரெண்டு பக்கமும் அடிச்சு ஸ்பைரல் போட்டு (மொதலாளிக்கு பேப்பர் காசு கட்டிட்டேன், அது வேற கதை) லயத்து பொடியனுங்க நாலு பேர சேத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வெளையாடுறோம். எங்க மேசையில டிஎம்முக்கு (கதைய நடத்துற ஆளுக்கு) பேர் கணக்கப்புள்ள, எல்லாருக்கும் கழிக்கிறவன் அவன் தானே.

20 பக்க டைஸுக்கு இங்க எங்க போறது, அதனால ஒரு பால்மா டின்ல 1ல இருந்து 20 வரைக்கும் சீட்டு எழுதி போட்டு குலுக்கி எடுக்கிறோம். இன்னைக்கு வரைக்கும் அதே டின் தான், மூடி மட்டும் மாத்தியாச்சு.

ட்ராகனும் எல்பும் ஒரு கட்டத்துல அலுத்துப் போய் போன வருஷம் சொந்தமா ஒரு கேம் எழுத ஆரம்பிச்சேன். அறுபதுகள்ல மவுசாக்கலை டேம் கட்டுறப்ப பழைய மஸ்கெலியா டவுன் தண்ணிக்குள்ள போனது எங்க பக்கத்து ஆளுங்களுக்கு தெரியும், நல்லா வறட்சி அடிச்சு தண்ணி இறங்குனா பழைய கோயில் வெளிய தெரியும், சனம் போய் பாக்கும், போட்டோ எடுக்கும். அதை வெச்சு தான் என் கேம். பேர் "தண்ணி வத்துனா". வெளையாடுறவங்க எல்லாம் பேரப்புள்ளைங்க, ஒவ்வொருத்தரோட அப்பாயியோ அம்மாயியோ அந்த டவுன்ல ஏதோ ஒண்ண விட்டுட்டு வந்திருக்காங்க, மழை வர்றதுக்கு முன்ன உள்ள போய் அத எடுத்துட்டு வரணும். 14 பக்கம் எழுதியாச்சு.

இப்ப கேள்வி. வீட்டுல அப்பா ஒண்ணு சுப்பவைசர் வேலைக்கு எழுது, இல்ல மாமா மாதிரி மாலைதீவுக்கு ஹோட்டல் வேலைக்கு போங்கிறார். நான் இந்த கேம் எழுதுறதையே தொழிலா செய்யலாமான்னு யோசிக்கிறேன். இப்பிடி ஒரு வேலை உண்மையிலயே இருக்கா? யாரு சம்பளம் குடுக்கிறா? இதுக்கு கோர்ஸ் ஏதும் இருக்கா? தமிழ்ல எழுதுறதா இங்கிலீஷ்லயா? காசு வந்தா இலங்கைக்கு எப்பிடி வரும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

பனிமூட்டம்_பண்டாரவளை:

தம்பி, நான் ஆறு வருஷமா வெளிநாட்டு பப்ளிஷர்களுக்கு ஆர்பிஜி எழுதிக் குடுக்கிறேன், பகல்ல டியூசன் டீச்சர். அந்த டியூசன் டீச்சர்ங்கிறதுலயே உன் கேள்விக்கு பாதி பதில் இருக்கு, விளங்குச்சா?

மாசச் சம்பளத்துக்கு ஆர்பிஜி டிசைனர் வேலைங்கிறது உலகத்துலயே விரல் விட்டு எண்ணுற மாதிரி தான். பெரிய கம்பெனின்னா டி அண்ட் டி போடுற விசார்ட்ஸ் ஒப் த கோஸ்ட், அது 1999ல இருந்து ஹாஸ்ப்ரோ கையில. அந்த ஹாஸ்ப்ரோ 2023 டிசம்பர்ல, நத்தாருக்கு ரெண்டு கிழமை இருக்கிறப்ப, 1100 பேர் வரைக்கும் வேலைய விட்டு எடுக்கிறோம்னு அறிவிச்சாங்க, டி அண்ட் டி ஆளுங்களும் அதுல போனாங்க. அங்க இருக்கிறவங்களுக்கே நெரந்தரம் இல்ல.

இன்னொண்ணு கேளு. இந்த விளையாட்டையே தொடங்கி வெச்சவங்க கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும். கைகாக்ஸ் இன்சூரன்ஸ் கம்பெனில வேலை பாத்த மனுசன், அந்த வேலை போன பொறகு வீட்டு நிலவறையில சப்பாத்து திருத்தி தான் வயித்த கழுவுனார். 1974ல 1000 பெட்டி அடிச்சு கையால மடிச்சு அடுக்கி வித்தாங்க. அஞ்சு வருஷத்துல ஆர்னெசன் ரோயல்டிக்காக கோர்ட்டுக்கு போனார். 1985ல கைகாக்ஸுக்கே சொந்த கம்பெனி கைய விட்டு போயிருச்சு. பயம் காட்ட சொல்லல, அப்பாகிட்ட நீ பேசுறப்ப அவர் கேக்கப் போற கேள்வி இது தான்.

சரி காசு எங்க இருந்து வருது. ரெண்டு வழி.

முதல் வழி வார்த்தை கணக்கு. பப்ளிஷர் ஒருத்தர் "இந்த புத்தகத்துல ஒரு அட்வெஞ்சர், 6000 வார்த்தை" ன்னு குடுப்பார், வார்த்தைக்கு இத்தனை சென்ட்னு பேச்சு. சின்ன ஆளுங்க 3, 4 சென்ட், கொஞ்சம் பெரிய ஆளுங்க 10, அதுக்கு மேல. என் முதல் வேலை 4 சென்ட், 6000 வார்த்தை, 240 டொலர். நம்ம கணக்குக்கு நல்ல காசு தான், ஆனா கொன்ட்ராக்ட்ல "புத்தகம் வெளிவந்து 30 நாள்ல" ன்னு இருந்தத நான் ஒழுங்கா வாசிக்கல, புத்தகம் வந்தது 14 மாசம் கழிச்சு. அந்த 14 மாசமும் நான் மெயில் அனுப்புறதும் அவங்க "சூன்" னு ஒத்தை வார்த்தையில பதில் போடுறதும், நம்ம கந்தையா கடை கடன் கொப்பி மாதிரி ஆயிருச்சு. அதனால எழுதி குடுத்து இத்தனை நாள்ல காசுன்னு இருக்கான்னு பாரு, வேலைய அவங்க பாதில நிப்பாட்டுனா என்ன தருவாங்கன்னு கேளு, "வர்க் ஃபோர் ஹயர்" னு இருந்தா நீ எழுதுனது உனக்கு சொந்தமில்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு கையெழுத்து போடு. அதுக்காக போடாதன்னு சொல்லல, நான் இப்பவும் போடுறேன். ஆனா "தண்ணி வத்துனா" மாதிரி ஒண்ண அப்பிடி குடுத்துராத.

ரெண்டாவது வழி சொந்தமா விக்கிறது. இட்ச் டொட் ஐஓன்னு கேம் விக்கிற வெப்சைட்ல தளத்துக்கு எவ்வளவு பங்குங்கிறத நீயே வெக்கலாம், அவங்க முன்கூட்டி வெச்சிருக்கிறது 10 வீதம். ட்ரைவ்த்ரூ ஆர்பிஜில உன் கைக்கு 65 வீதம், வேற எங்கயும் விக்க மாட்டேன்னா 70. டிஎம்ஸ் கில்டுன்னு ஒண்ணு இருக்கு, டி அண்ட் டியோட உலகத்தையே வெச்சு எழுதலாம் ஆனா பாதி தான் கைக்கு வரும், அங்க போட்டத பொறகு வேற இடத்துல விக்கவும் ஏலாது. கிக்ஸ்டார்ட்டர் (கேம் வர்றதுக்கு முன்னயே சனத்துக்கிட்ட காசு சேக்கிற தளம்) பெரிய ஆளுங்க எல்லாம் போற வழி, ஆனா அங்க புரொஜெக்ட் தொடங்கலாம்னு இருக்கிற நாடுகள் லிஸ்ட்ல இலங்கை இல்ல, வெளிநாட்டுல நம்பிக்கையான ஆள் வேணும், நம்பிக்கைங்கிற வார்த்தைய ரெண்டு தடவை வாசி.

காசு வர்றது: பேபால்ல நாம அனுப்பலாம் வாங்க முடியாதுன்னு வருஷக்கணக்கா இழுபட்டதால நான் பேயோனியர்ல தான் எடுத்து பேங்க்குக்கு போடுறேன். அமெரிக்க தளம்னா டாக்ஸ் ஃபோர்ம் ஒண்ணு நிரப்பச் சொல்லும், அத சோம்பேறித்தனத்துல விட்டா அங்க வர்ற வருமானத்துல 30 வீதம் வெட்டிருவாங்க, நமக்கும் அவங்களுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கு, நிரப்புனா குறையும். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் தான், நிரப்பு.

இப்ப எனக்கு ஒரு கேள்வி. டின்ல இருந்து எடுக்கிற சீட்ட திரும்ப உள்ள போடுறீங்களா, வெளிய வெச்சிருவீங்களா?

கொட்டாஞ்சேனை_டிஎம்:

மச்சான் சொல்றேன்னு கோவிக்காத. விட்டுரு. நானும் பத்து வருஷமா கொழும்புல கேம் நடத்துறேன், முழு ஊர்லயும் சேத்து இதுக்கு காசு குடுக்கிற ஆள தேடுனா ஒரு வேன்ல ஏத்திரலாம். எழுதத் தெரிஞ்சா வீடியோ கேம் பக்கம் போ, அங்க கதை அமைக்கிற நெரட்டிவ் டிசைனர்னு வேலை இருக்கு, சம்பளம் இருக்கு, ரிமோட்ல எடுக்கிறான், ஆர்பிஜில கத்துக்கிட்டது எல்லாம் அங்க செல்லும். தண்ணிக்குள்ள போன ஊர்னு ஐடியா சூப்பர், ஆனா வெள்ளைக்காரனுக்கு மஸ்கெலியா எங்கன்னே தெரியாது.

பனிமூட்டம்_பண்டாரவளை:

வெள்ளைக்காரனுக்கு டி அண்ட் டில வர்ற வாட்டர்டீப் எங்கன்னு மட்டும் தெரியுமா, அது இல்லாத ஊர் தானே. மேப் போட்டு சொல்லிக் குடுத்தா தெரிஞ்சுக்கிறான். 2022ல டி அண்ட் டிக்கே "ரேடியன்ட் சிட்டாடல்" னு ஒரு அட்வெஞ்சர் புத்தகம் வந்துச்சு, எழுதுனவங்க எல்லாம் வெள்ளைக்காரங்க அல்லாதவங்க, அவங்கவங்க ஊர் வாசனைய வெச்சு எழுதுனது, நம்ம பக்கத்து வங்காளச் சாயல்ல கூட ஒண்ணு இருக்கு.

வீடியோ கேம் பத்தி சொன்னது சரி, அத நானும் ஒத்துக்கிறேன்.

மவுசாக்கலை_பொடியன்:

அக்கா, அண்ணே ரெண்டு பேருக்கும் நன்றி. 14 மாசம் கதை வாசிச்சிட்டு வயிறு கலங்கிருச்சு.

சீட்டு கேட்டீங்களே, திரும்ப போடுறதில்ல அக்கா. எடுத்தத மேசையில வரிசையா வெச்சிருவோம், டின் காலியானா தான் திரும்ப அள்ளிப் போட்டு குலுக்குறது. ஆரம்பத்துல சோம்பேறித்தனத்துல அப்பிடி செஞ்சது, இப்ப பழகிருச்சு. தப்பா? "தண்ணி வத்துனா" லயும் அதே டின் தான், 11ஓ அதுக்கு மேலயோ வந்தா காரியம் நடக்கும், 10ம் அதுக்கு கீழயும்னா ஏதாவது ஒண்ணு பிசகும்.

பனிமூட்டம்_பண்டாரவளை:

தப்பா?? அடேய், உன் கேமே அந்த டின்ல தான் இருக்கு.

20 பக்க டைஸ்னா ஒவ்வொரு உருட்டும் புதுசு, போன தடவை என்ன விழுந்துச்சுன்னு அதுக்கு ஞாபகம் இல்ல, எப்பவுமே 11ஓ அதுக்கு மேலயோ வர பாதிக்குப் பாதி. உன் டின்னுக்கு ஞாபகம் இருக்கு. 10 நல்ல சீட்டு, 10 கெட்ட சீட்டு, கூடவும் இல்ல குறையவும் இல்ல. முதல் அஞ்சு தடவையும் நல்லதா வந்துச்சுன்னு வை, எல்லாரும் கும்மாளம் போடுவாங்க, ஆனா டின்ல மிச்சம் 15, அதுல 10 கெட்டது, மூணுல ரெண்டு தடவை அடி விழும். சந்தோசப்படுற நேரத்துலயே மழை கருக்குது. வரிசையா வெச்சிருக்கிற சீட்ட பாத்து மேசையில இருக்கிறவங்களே எண்ணிக்குவாங்க, நீ ஒண்ணும் சொல்லத் தேவையில்ல. அதோட 20 சீட்டும் முடிஞ்சா என்ன? நீ இப்ப திரும்ப அள்ளிப் போடுற. போடாத. டின் காலின்னா மழை வந்துருச்சு, டேம் நெறஞ்சிருச்சு, உள்ள இருக்கிறவங்க உள்ள தான். நேரம் காட்டுறதுக்கு வேற ரூலே வேணாம்.

இது உலகத்துல யாரும் செய்யாததுன்னு நெனச்சிராத, "த குவயட் இயர்" னு ஒரு கேம் இருக்கு, 52 சீட்டுக்கட்டு தான் வருஷத்து 52 வாரம், ஸ்பேட் ராஜா வந்தா ஆட்டம் முடிஞ்சுது. அத வாங்கி வாசி. டிசைனர்னா பாதி நேரம் மத்தவங்க எப்பிடி பண்ணியிருக்காங்கன்னு பிரிச்சுப் பாக்கிற மெக்கானிக் வேலை தான். 2010ல வந்த அப்போகலிப்ஸ் வேர்ல்டையும் பாரு, ரெண்டு ஆறு பக்க டைஸ் உருட்டி 10ஓ அதுக்கு மேலயோன்னா முழுசா நடக்கும், 7ல இருந்து 9ன்னா நடக்கும் ஆனா ஏதாவது விலை குடுக்கணும், 6ஓ அதுக்கு கீழயோன்னா பிசகும். ஒண்ணும் கூட்டாம உருட்டுனா 36ல 15 தடவை அந்த நடு இடத்துல விழும், 10ஓ அதுக்கு மேலயோ 6 தடவை தான். அந்த நடு இடம் தான் கதைய ஓட்டுது. உன் டின்ல நடு இடம் இல்ல, ஆமா இல்ல ரெண்டு தான். வேணுமா வேணாமான்னு யோசி, வேணாம்னா ஏன் வேணாம்னு உனக்கு தெரிஞ்சிருக்கணும்.

அப்பறம் முக்கியமானது. நீ பக்கத்துல இல்லாம இத வேற ஆளுங்க வெளையாடணும். உன் லயத்து பொடியனுங்க நீ சொல்லாமலே விளங்கிக்குவாங்க, அஞ்சு வருஷ பழக்கம். புத்தகத்த மட்டும் குடுத்துட்டு வாய மூடிட்டு இரு. எனக்கு இது தெரியாம முதல் கேம போட்டேன், அதுல யாரு முதல்ல தொடங்குறதுன்னே நான் எழுதல, ஒருத்தன் ரிவியூல "நாலு பேரும் மூஞ்சிய பாத்துக்கிட்டு இருந்தோம்" னு எழுதுனான், இப்ப நெனச்சாலும் வெக்கமா இருக்கு.

கூத்து_சேர்:

வணக்கம் தம்பி. அட்டன் பக்கம் ஒரு பாடசாலையில நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். இந்த டைஸ் விளையாட்டு எனக்கு மாணவர்கள் மூலமா தான் அறிமுகம், அதனால தொழில் பத்தி சொல்ல எனக்கு தகுதி இல்ல. கோர்ஸ் கேட்டிருந்தீங்க, இதுக்குன்னு இங்க ஒண்ணும் இல்ல, ஆர்ட்ஸ் செஞ்சிருக்கிறதால மட்டக்களப்பு விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துல நாடகம் படிக்கலாமான்னு பாருங்க, ஒரு காட்சிய எங்க தொடங்குறது எங்க வெட்டுறதுங்கிற புத்தி அங்க கிடைக்கும்.

நான் எழுத வந்தது வேற விஷயம். மாசியில கம்பம் ஊண்டி காமன் கூத்து ஆடுறத நீங்க சின்ன வயசுல இருந்தே பாத்திருப்பீங்க. அதுல கதை எல்லாருக்கும் தெரியும், மதன் எரியப் போறான்னு கைப்புள்ளைக்கும் தெரியும், இருந்தாலும் ரதி அழுறப்ப லயமே அழுவுது. ஆடுறவங்கள்ல எத்தனையோ பேர் நேர்த்தி வெச்சு ஆடுறவங்க, சில பேருக்கு அருள் வந்துரும், அந்த நேரத்துல யாரு கட்டுப்படுத்துறா? தப்பு அடிக்கிறவரும் மாஸ்டரும் தான். அடிய மாத்துவாங்க, தண்ணி தெளிப்பாங்க, துன்னூறு பூசி உக்கார வெப்பாங்க. எந்த நேரத்துலயும் ஆட்டத்த நிறுத்தி ஆள வெளிய எடுக்கிற வழி நம்ம முன்னோர்கிட்ட இருந்துச்சு. உங்க விளையாட்டுல அப்பிடி ஏதும் இருக்கா? பாட்டி விட்டுட்டு வந்த பொருள்னு சொல்றீங்க. உங்க நண்பர்களுக்கு அது கதை, இன்னொரு மேசையில போன மாசம் அம்மாயிய பறிகொடுத்த புள்ளை ஒண்ணு உக்காந்திருக்கும்.

இன்னொண்ணு, அந்த டவுன்ல வாழ்ந்தவங்க இன்னும் சில பேர் உசுரோட இருக்காங்க. அவங்ககிட்ட போய் உக்காந்து கேளுங்க, எந்த கடை எங்க இருந்துச்சு, கோயில் மணி என்ன ஆச்சுன்னு. கேட்டத எழுதுறப்ப எதை எழுதலாம் எதை எழுத வேணாம்னும் அவங்ககிட்டயே கேளுங்க.

தமிழ்ல எழுதுங்க. பனிமூட்டம் அம்மா கோவிக்க வேணாம், இங்கிலீஷ்ல பொறகு மாத்திக்கலாம், "அப்பாயி" ங்கிற வார்த்தைக்கு அங்க ஒண்ணும் கிடைக்காது.

பனிமூட்டம்_பண்டாரவளை:

சேர், நிறுத்துற வழி கேட்டீங்களே, ஆர்பிஜி பக்கமும் இருக்கு. எக்ஸ் கார்டுன்னு சொல்லுவாங்க, மேசை நடுவுல ஒரு அட்டையில எக்ஸ் போட்டு வெச்சிருப்பாங்க, யாருக்காச்சும் தாங்கலைன்னா அத தொட்டா போதும், ஏன் எதுக்குன்னு கேக்காம அந்த விஷயத்த கதையில இருந்து எடுத்துரணும். தப்பு அடிய மாத்துற மாதிரி தான். தம்பி, அத கேம்ல போடு.

மொழி விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். தமிழ்ல எழுதி இட்ச்ல போட்டா எத்தனை பேர் வாங்குவாங்க? இங்கிலீஷ்ல 5 டொலருக்கு போட்டு 60 பேர் வாங்குனா 300, தளத்துக்கு 10 வீதம் போனா 270, காசு அனுப்புற செலவு வேற போகும், அதுவே ஒரு சின்ன முதல் கேமுக்கு எவ்வளவோ நல்ல கணக்கு. டி அண்ட் டி ரூல்ஸ்ல எழுதவும் தேவையில்ல. 2023 ஜனவரில விசார்ட்ஸ் கம்பெனி, மத்தவங்க அந்த ரூல்ஸ வெச்சு எழுத விட்டிருந்த பழைய லைசன்ஸ மாத்தப் பாத்து உலகம் பூரா சண்டை வந்து கடைசியில அடிப்படை ரூல்ஸ கிரியேட்டிவ் கொமன்ஸ்ல விட்டுட்டாங்க, யாரும் எடுத்துக்கலாம். ஆனா உனக்கு டின் இருக்கிறப்ப அது எதுக்கு.

தாரணி_தலவாக்கலை:

நான் நர்ஸிங் ட்ரெயினிங்ல இருக்கேன் எங்க ஹொஸ்டல் ரூம்ல நாலு பேர், ஒருத்தியும் இந்த மாதிரி கேம் வெளையாடுனதே இல்ல கெரம் போர்ட் தான் தெரியும், பிடிஎப் அனுப்புங்க அண்ணா நாங்க வெளையாடி பாத்து சொல்றோம், தமிழ் தானே? இங்கிலீஷ்னா மத்த மூணு பேரும் ஓடிருவாளுங்க

மவுசாக்கலை_பொடியன்:

தமிழ் தான் தங்கச்சி, இன்பொக்ஸ்ல அனுப்பிட்டேன். அக்கா சொன்ன மாதிரி டின் காலியானா மழைன்னு மாத்திட்டேன், எக்ஸ் அட்டையும் போட்டிருக்கேன் (எக்ஸுக்கு பதிலா துன்னூறு பொட்டலம் படம், சேர் கோவிக்க மாட்டார்னு நெனக்கிறேன்). நான் வாய மூடிட்டு இருக்கேன்.

தாரணி_தலவாக்கலை:

ரெண்டு கிழமை ஆச்சு மன்னிக்கணும் நைட் டியூட்டி, வெளையாடிட்டோம், ரெண்டு தடவை. உள்ளத சொல்லவா?

முதல் தடவை 11 நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. 6ஆம் பக்கத்துல "20 வந்தா தேடுனது கையில கிடைக்கும்" னு எழுதியிருக்கீங்க ஆனா எந்த கட்டத்துலன்னு எழுதல, ஒருத்தி ரெண்டாவது சீட்டுலயே 20 எடுத்துட்டா, டவுனுக்குள்ள காலே வெக்கல டேம் கரையில நிக்கிறோம், அப்பாயியோட தையல் மெசின் கையில இருக்கு. சரி வீட்டுக்கு போவோம்னு போயிட்டோம் சிரிச்சு சிரிச்சு வயிறு நோவு.

ரெண்டாவது தடவை நாங்களே கோயில தாண்டுன பொறகு தான் 20 செல்லும்னு வெச்சுக்கிட்டோம். இந்த தடவை சிரிப்பு இல்ல. எடுத்த சீட்ட எல்லாம் மெத்தை மேல வரிசையா வெச்சிருந்தோமா, 19 சீட்டு எடுத்தாச்சு, எண்ணிப் பாத்தா 1ஆம் நம்பர் மட்டும் தான் வரல. டின்ல ஒத்தை சீட்டு. என்னன்னு நாலு பேருக்கும் தெரியும். நாலாவது ஆள் தேடி வந்த பெட்டிய இன்னும் தூக்கல, தூக்கணும்னா ஒரு சீட்டு எடுத்தே ஆகணும், எடுத்தா மழை. ஒருத்தியும் கைய விடல டின்ன பாத்துக்கிட்டே இருந்தோம். பொறகு எங்கள்ல கம்மியா பேசுறவ ஒருத்தி, அவ பொருள் கிடைச்சு கரை ஏறிட்டா அவளுக்கு எடுக்க தேவையே இல்ல, அவ சொன்னா "நான் திரும்ப எறங்குறேன், என் பேர்ல எடு" ன்னு. அப்பிடி செய்யலாமான்னு உங்க ரூல்ல இல்ல. நாங்க செஞ்சுட்டோம்.

பொறகு ஒரு குறை, சீட்டு நாங்க கொப்பி பேப்பர்ல வெட்டுனோம், பத்தாம 18, 19, 20 மட்டும் கலண்டர் மட்டையில வெட்டுனோம், விரல் பட்டதுமே தெரிஞ்சிருது எது தடிப்புன்னு. ஒருத்தி கள்ளத்தனம் பண்ணிட்டா, பொறகு ஒத்துக்கிட்டா.

மவுசாக்கலை_பொடியன்:

தங்கச்சி இத கடையில நின்னுக்கிட்டே வாசிச்சேன், கஸ்டமர் ஒருத்தர் ஐசி கொப்பி கேட்டு ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கார் எனக்கு கேக்கல. 6ஆம் பக்கம் திருத்திட்டேன். கரை ஏறுன ஆள் மத்தவங்களுக்காக திரும்ப எறங்கலாம்ங்கிறத ரூலா எழுதிட்டேன், நன்றி பக்கத்துல உங்க ரூம் நாலு பேர் பேரும் போடலாமா, புனைபேர்னாலும் சரி.

அக்கா ஒரு சந்தேகம். கடைசி சீட்டு என்னன்னு தெரிஞ்சு போறது நல்லதா கெட்டதா? 21ஆவதா ஒரு வெத்துச் சீட்டும் போட்டு, ஆரம்பத்துலயே ஒரு சீட்ட பாக்காம ஒதுக்கி வெச்சா கடைசி வரைக்கும் தெரியாம இருக்குமேன்னு யோசிக்கிறேன்.

பனிமூட்டம்_பண்டாரவளை:

போடாத. தெரிஞ்சதால தானே அந்தப் புள்ளை எறங்குச்சு. தெரியாட்டி அது வெறும் அதிஷ்டம்.

ஆனா இன்னும் ரெண்டு மேசையில பாத்துட்டு முடிவெடு, ஒரு மேசைய நம்பி ரூல் வெக்காத. நீ இருக்கிற கடைய விட்டுறாத, பிரின்டிங்கும் லேஅவுட்டும் கையில இருக்கிற டிசைனர் ரொம்ப குறைவு, நான் அதுக்கு இன்னொருத்தருக்கு காசு குடுக்கிறேன். அப்பாகிட்ட என்ன சொன்ன?

மவுசாக்கலை_பொடியன்:

இன்னும் தொழில்னு சொல்லல அக்கா. போன ஞாயிறு ஆள் கொறஞ்சதால அப்பாவையும் உக்கார வெச்சோம். பழைய டவுன்ல அவங்க அம்மா சட்டி பானை வாங்குன கடை இருந்த இடம்னு ஒண்ண சொன்னார், என் மேப்ல அது தப்பான பக்கம் இருந்துச்சு. இன்னைக்கு காலைல டீ குடிக்கிறப்ப மேப்ப திருத்திட்டியான்னு கேட்டார்.

கொட்டாஞ்சேனை அண்ணே, உங்க குரூப்புலயும் ஒரு தடவை வெளையாடி பாக்க முடியுமா? சீட்டு எல்லாத்தையும் ஒரே மட்டையில, கல்யாண கார்ட் வெட்டுனதுல மிஞ்சினது, ஒரே அளவா மெசின்ல வெட்டி வெச்சிருக்கேன். அட்ரஸ் இன்பொக்ஸ்ல போட்டா திங்கக்கிழமை போஸ்ட் பண்ணிருவேன், டின் மட்டும் நீங்க பாத்துக்கோங்க.

கொட்டாஞ்சேனை_டிஎம்:

போட்டுட்டேன் மச்சான். டின் 400 கிராமா ஒரு கிலோவா?

மவுசாக்கலை_பொடியன்:

400 போதும் அண்ணே. கை உள்ள போகணும், ஆனா எட்டிப் பாக்க முடியக் கூடாது.